மெதுவாகிப்போன கணினியை ஃபார்மட் போடாமல் வேகமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் போட்டுக் குடுங்க" என்று சொல்லித்தான் பெரும்பாலும் கொண்டுவருகிறார்கள். திறந்து பார்த்தால் பல கணினிகளுக்கு ஃபார்மட் தேவையே இல்லை. செட்டிங்ஸில் நான்கைந்து இடங்களைச் சரி செய்தாலே போதும்.

ஆனால் அதை வீட்டிலேயே செய்து பார்த்தவர்கள் வேறொரு சிக்கலோடு வருகிறார்கள். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் பதினைந்து இடங்களில் கை வைத்திருப்பார்கள். மறுநாள் பிரிண்டர் ஓடாது, தமிழ் டைப் ஆகாது. எந்த மாற்றத்தால் வந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். எது தடுக்கிறது என்று முதலில் பாருங்கள், ஒன்றை மாற்றுங்கள், பலன் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இது பொருந்தும். மெனு மாறும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள், ஆனால் இதுதான் முதல் கருவி. என்ன மாற்றினீர்கள், அதற்கு முன் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே வந்தால், எதையும் திருப்பி வைக்க முடியும்.

அடுத்து, கணினியின் அட்மின் கணக்கு பாஸ்வேர்டு. பாதி வேலையில் அது கேட்கும். வாங்கிக் கொடுத்த அண்ணன் துபாயில் இருக்கிறார், அவருக்குத்தான் தெரியும் என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி என்றால் ஒரு முழு மதியம் போகும்.

பிறகு இரண்டு பாதுகாப்புகள். முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ காப்பி எடுத்துவிடுங்கள். அடுத்தது ரீஸ்டோர் பாயின்ட். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடினால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் சி டிரைவுக்கு நேராக 'ஆஃப்' என்று இருந்தால், 'கான்ஃபிகர்' அழுத்தி ஆன் செய்யுங்கள். அப்புறம் 'கிரியேட்' அழுத்தி, தேதியைப் பெயராகக் கொடுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால் அழிந்த கோப்பும் திரும்பி வரும் என்று நினைக்கிறார்கள். வராது. விண்டோஸின் செட்டிங்ஸ், டிரைவர், நிறுவிய மென்பொருள் ஆகியவற்றைத்தான் அது பழைய நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் போட்டோவும் வேர்ட் கோப்பும் அதன் கணக்கில் இல்லை. அதனால்தான் காப்பி தனி, ரீஸ்டோர் பாயின்ட் தனி.

கடைசியாக, செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து ஒரு அளவு எடுங்கள். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து ப்ரவுசரில் ஒரு பக்கம் முழுதாகத் திறக்கும் வரை எத்தனை நிமிடம்? நோட்டின் முதல் வரியில் அதை எழுதுங்கள். 'வேகமாகிவிட்ட மாதிரி தெரிகிறது' என்பதை நம்பி வேலை செய்தால் ஏமாந்துபோவோம்.

2. ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

"நான் தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிடறேனே" என்பார்கள். கணினிக்குள் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து (திறக்கும் வழி அடுத்த படியில்), 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியு' அழுத்திக் கீழே 'அப் டைம்' என்று இருப்பதைக் காட்டுவேன். விண்டோஸ் கடைசியாகப் புதிதாகத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்பதுதான் அது. இருபது நாள் என்று இருக்கும்.

காரணம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி. இது ஆன் நிலையில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள்பகுதியை முழுதாக மூடாது. அதை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். சீக்கிரம் ஆன் ஆவதற்காக வைத்த வசதி இது. ஆனால் உள்ளே சேர்ந்த சிக்கல்களும் கூடவே தங்கிவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

எனவே எந்த மாற்றத்துக்கும் முன் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவதும் உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்க வேண்டுமா என்று கேட்டால், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் வேண்டாம் என்பேன். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுக்கும் பழக்கம் போதும்.

3. எது அடைக்கிறது என்று பாருங்கள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து தரும் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் அழைத்தார். "தம்பி, காலைல ஆன் பண்ணிட்டு வாசல் பெருக்கி, கோலம் போட்டு, டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு. ராம் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க, போட்டுடலாமா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்க்கா, அதுக்குள்ள எதையும் வாங்கிடாதீங்க" என்றேன்.

போய்ப் பார்த்தால் 4 ஜிபி ராம் (ஓடும் வேலைகளைக் கணினி வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்; டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' என்று வரும்), பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் திறக்கவே சிறிது நேரம் எடுத்தது. சின்ன ஜன்னலாக வந்ததும் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' அழுத்தினேன். சிபியு, அதாவது ப்ராசஸர், 12 சதவீதம். மெமரி 71. டிஸ்க் நெடுவரிசை மட்டும் சிவந்துபோய் 100-இல் நின்றது. மேசையில் காதை வைத்தால் உள்ளே டிஸ்க் கரகரவென்று ஓடுவது கேட்டது. ராம் போட்டிருந்தால் அந்த 100 சற்றுத் தணிந்திருக்கலாம், ஆனால் முழுக்க இறங்கியிருக்காது. டிஸ்கை யார் பிடித்து இழுக்கிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கணினி ஆன் ஆகி ஐந்து நிமிடம் கழித்து, எந்த மென்பொருளும் திறக்காமல் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஏன் என்றால், ஆன் ஆன உடனே எல்லாக் கணினியிலும் எண்கள் ஏறித்தான் இருக்கும்.

சிபியு தொடர்ந்து 80-க்கு மேல் இருந்தால், அந்தத் தலைப்பை அழுத்துங்கள். அதிகம் இழுப்பது மேலே வரும். மெமரி 85-ஐத் தாண்டினால் ராம்தான் இடுக்கு. டிஸ்க் 100-இல் நின்றால் அந்தத் தலைப்பை அழுத்தி யார் காரணம் என்று பாருங்கள். மூன்றும் சாதாரணமாக இருந்து, இணையப் பக்கம் மட்டும் திறக்கத் தாமதமானால், குறை கணினியில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. வைஃபை மோடத்தைப் பார்க்க வேண்டியவர்கள் கணினியைக் குடைந்துகொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெமரி 60, 70 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ராமைச் சும்மா கிடக்கவிடாமல் பயன்படுத்திக்கொள்வது விண்டோஸின் இயல்பு. 'மெமரி கிளீனர்' என்று விற்கும் மென்பொருள்கள் அந்த எண்ணை இறக்கிக் காட்டும். எப்படி என்றால், ராமில் இருந்ததை டிஸ்குக்குத் தள்ளிவிடும். அடுத்த நொடி நீங்கள் ஒரு ஜன்னலைத் திறந்தால் அதையெல்லாம் டிஸ்கிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். வேகம் குறையத்தான் செய்யும்.

கண்ட எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. ஸ்டார்ட்டப்பில் இருந்து ஆரம்பியுங்கள்

மாற்றம் என்று ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நாம் நிறுவும் மென்பொருள்களில் பல, கணினி ஆன் ஆகும்போதே தானும் எழுந்துகொள்ள இடம் போட்டுவிடுகின்றன. நான்கைந்து வருடத்தில் இப்படி இருபது சேர்ந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்கைப் பிடித்து இழுத்தால் எப்படி நகரும்?

டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் 10 என்றால் மேலே 'ஸ்டார்ட்டப்', விண்டோஸ் 11 என்றால் இடது பக்கம் 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்'. அதில் 'ஸ்டார்ட்டப் இம்பாக்ட்' என்ற தலைப்பை அழுத்தினால் 'ஹை' என்று இருப்பவை ஒன்றுசேரும். தேவையில்லாததன் மேல் வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். இதனால் மென்பொருள் அழியாது. நீங்கள் திறக்கும்போது வழக்கம்போல் திறக்கும். தானாக எழுந்திருக்காது, அவ்வளவுதான்.

தயங்காமல் நிறுத்தக்கூடியவை: வீடியோ காலுக்கான மென்பொருள்கள், பாட்டுக் கேட்கும் ஆப், விளையாட்டு லாஞ்சர்கள், டோரன்ட், பிடிஎஃப் மென்பொருளின் அப்டேட்டர், பிரிண்டர் கம்பெனி கூடவே போட்டுவிடும் மை அளவு காட்டும் ஆப். வாட்ஸ்அப்பும் நீங்கள் திறக்கும்போது வந்தால் போதும்.

நிறுத்தக்கூடாதவையும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். என்ஹெச்எம் ரைட்டர், அழகி மாதிரியான தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுத்திவிட்டு, "தமிழ் வரமாட்டேங்குது" என்று ஃபான்ட்டைத் தேடுவார்கள். ஆதார் விரல் ரேகைக் கருவி வைத்திருப்பவர்கள் அந்தக் கருவிக்கான ஆர்டி சர்வீஸைத் தொடவே கூடாது. தொட்டால் கருவியில் விளக்கு எரியும், ரேகை ஏறாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள், டச்பேட் டிரைவர், சவுண்ட் டிரைவர், விண்டோஸ் செக்யூரிட்டி ஆகியவையும் அப்படியே இருக்கட்டும்.

பெயரைப் பார்த்து என்னவென்று தெரியவில்லையா? வலது கிளிக் செய்து 'சர்ச் ஆன்லைன்' கொடுங்கள். அதிலும் தெளிவு வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அக்கா கணினியில் பதினெட்டு இருந்தன. பதினொன்றை நிறுத்தினேன், இரண்டு தடவையாக. முதலில் ஆறு, ரீஸ்டார்ட், பிரிண்டரும் ரேகைக் கருவியும் ஓடுகிறதா என்று சோதனை, பிறகு ஐந்து. ஒரே தடவையில் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தால், ஏதாவது ஓடாதபோது பதினொன்றில் எது என்று தேடிக்கொண்டிருப்பேன்.

5. வேண்டாத மென்பொருளை நீக்குவது

செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 11-இல் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்', விண்டோஸ் 10-இல் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'. ஒரு வருடமாகத் தொடாததை நீக்குங்கள். 'டிரைவர் அப்டேட்டர்', 'பிசி பூஸ்டர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' என்று பெயர் வைத்தவை இருந்தால் அவைதான் முதலில் போக வேண்டும். வேகமாக்குகிறேன் என்று உள்ளே வந்து, தானே பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பவை அவை.

இரண்டு ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டும் அதைச் சோதிக்கும். பழைய டிஸ்க் அங்கேயே மூச்சு முட்டி நிற்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதும். காசு கொடுத்து வாங்கிய வேறொன்று இருந்து, அதன் சந்தா முடிந்துபோயிருந்தால் நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். நீக்கி முடித்ததும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து ஒரு முறை 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டுங்கள். வைரஸ் இருக்கும் கணினியில் மற்ற எந்தச் செட்டிங்ஸும் பலன் தராது.

6. சி டிரைவில் இடம் விடுங்கள்

சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் ஒரு பகுதியை ராம் மாதிரிப் பயன்படுத்துகிறது. அப்டேட் இறக்கி விரிக்கவும் அதற்கு இடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எல்லாமே திணறும்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய் 'டெம்பரரி ஃபைல்ஸ்' திறங்கள். கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போட நேரமாகும். வரும் பட்டியலில் டெம்பரரி ஃபைல்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், விண்டோஸ் அப்டேட் கிளீனப், தம்ப்நெயில்ஸ் ஆகியவற்றை டிக் செய்யலாம்.

அந்தப் பட்டியலிலேயே 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்யாதீர்கள். என் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த தம்பி, பெட்டிகள் எல்லாவற்றையும் டிக் செய்து அழித்துவிட்டான். அந்தக் கணினிக்காரர் தன் மகளின் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் டவுன்லோட்ஸில்தான் வைத்திருந்தார். இந்த வழியில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. கல்லூரி விண்ணப்பத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி. நல்லவேளையாக அசல் சான்றிதழ்கள் வீட்டில் இருந்தன; கொண்டுவரச் சொல்லி எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து முதலில் காப்பி, பிறகுதான் கிளீனிங் என்பது கடையின் சட்டம்.

'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற வரி தெரிந்தால், பழைய பதிப்புக்குத் திரும்பப் போவதில்லை என்று உறுதியானால் மட்டும் அழியுங்கள். பல ஜிபி கிடைக்கும்.

டிடிபி வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: ஃபான்ட். பாமினி, வானவில் என்று ஆரம்பித்து, யாரோ கொடுத்த சிடியில் இருந்த நானூறு ஃபான்ட்டையும் போட்டுவைத்திருப்பார்கள். வேர்டும் பேஜ்மேக்கரும் திறக்கும்போது அத்தனையையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். பயன்படுத்துவதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்துவிட்டு நீக்குங்கள். விண்டோஸோடு வந்த ஃபான்ட்டில் கை வைக்க வேண்டாம்.

7. ப்ரவுசர்

கணினி ஸ்லோ என்று சொல்பவர்களிடம் என்ன செய்யும்போது என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது ப்ரவுசரைத்தான். குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதற்கே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று தெரியும்.

எக்ஸ்டென்ஷன்களில் நீங்கள் போட்டதாக நினைவில்லாததை நீக்குங்கள். செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஆப்கள் ஓடட்டும் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அணையுங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' ஆன் செய்யுங்கள். எட்ஜில் 'ஸ்டார்ட்டப் பூஸ்ட்' என்பது கணினி ஆன் ஆகும்போதே எட்ஜைத் தயாராக வைக்கும். எட்ஜையே பயன்படுத்தாதவர்கள் அதை அணைக்கலாம்.

பழைய நாட்களின் 'கேஷ்' (ப்ரவுசர் சேர்த்து வைத்திருக்கும் படங்களும் பக்கங்களும்) அழிப்பதை வேகத்துக்கான வழி என்று பலர் தினமும் செய்கிறார்கள். தினமும் அழித்தால் தினமும் எல்லாப் படத்தையும் புதிதாக இறக்க வேண்டும். பக்கம் சரியாகத் திறக்காதபோது மட்டும் அழித்தால் போதும்.

8. கண்ணுக்கு அழகாகத் தெரிபவற்றைக் குறைப்பது

ஸ்டார்ட் மெனுவில் 'அட்ஜஸ்ட் தி அப்பியரன்ஸ் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆஃப் விண்டோஸ்' என்று தேடுங்கள். 'அட்ஜஸ்ட்' வரை அடித்தாலே வந்துவிடும். 'விசுவல் எஃபெக்ட்ஸ்' பகுதியில் 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்தால் எல்லா டிக்கும் போய்விடும். அப்படியே ஓகே கொடுத்துவிடாதீர்கள். இரண்டு டிக்கைத் திரும்பப் போடுங்கள்.

ஒன்று 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்'. இதை எடுத்துவிட்டால் எழுத்து முனைகள் உடைந்து தெரியும். ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். தமிழில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள சுழி வித்தியாசமே சிறிய அளவில் மறைந்துபோகும். விண்ணப்பத்தில் பெயரைத் தட்டச்சு செய்பவருக்கு அது பெரிய தொல்லை. அடுத்தது 'ஷோ தம்ப்நெயில்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்'. போட்டோக்கள் நிறைய உள்ள ஃபோல்டரில் இது இல்லாமல் தேட முடியாது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, விசுவல் எஃபெக்ட்ஸ் என்று போய் 'டிரான்ஸ்பரன்சி', 'அனிமேஷன்' இரண்டையும் அணைக்கலாம்.

இந்தப் படியால் கிராஃபிக்ஸ் திறன் குறைந்த பழைய கணினிகளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். டிஸ்க் 100-இல் நிற்கும் கணினிக்கு இதனால் பெரிய பலன் இல்லை. இதை முதல் படியாகச் சொல்லும் குறிப்புகள் ஏராளம்; நான் எட்டாவதாக வைத்திருப்பது அதனால்தான்.

9. பவர் மோடும் நம் ஊர் வெக்கையும்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம் போய் 'பவர்' பகுதியில் 'பவர் மோட்' இருக்கும். மின்சாரத்தில் செருகியிருக்கும்போது 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' வைக்கலாம். விண்டோஸ் 10 லேப்டாப்பில் பேட்டரிப் படத்தை அழுத்தினால் வரும் ஸ்லைடரை வலது பக்கம் தள்ளுங்கள். 'பவர் சேவர்' நிலையில் மறந்து விட்டுவிட்டு மாதக்கணக்கில் திணறிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில், ஃபேனில் தூசி அடைத்த லேப்டாப்பில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' வைத்தால், முதல் பத்து நிமிடம் பறக்கும், பிறகு முன்பைவிட மோசமாகும். தேவனாம்பட்டினம், ஓ.டி. (கடலூர் பழைய நகரம்) பக்கம் கடலோரத்திலிருந்து வரும் கணினிகளைத் திறந்தால், ஈரமும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கையில் பிசுக்காக ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். காலையில் வேகம், மதியம் மெதுவு என்றால் செட்டிங்ஸை விட்டுவிட்டு முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்துவதையும் நிறுத்துங்கள்.

10. பின்னணியில் நடக்கும் வேலைகள்

விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' இருக்கிறது. உங்கள் கணினி இறக்கிய அப்டேட்டை மற்ற கணினிகளுக்கும் அனுப்ப அனுமதிக்கும் சுவிட்ச் அது. இணைய வேகம் குறைவான இடத்தில் அணைத்துவிடுங்கள். பக்கத்திலேயே 'ஆக்டிவ் ஹவர்ஸ்' இருக்கும். கடை நேரத்தைக் கொடுத்தால், வாடிக்கையாளர் நிற்கும்போது அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

ஒன்டிரைவ் பயன்படுத்தாதவர்கள் அதை ஸ்டார்ட்டப்பில் நிறுத்தலாம். ஆனால் முதலில் உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால், நிறுத்திய நாளிலிருந்து புதிய கோப்புகள் இணையத்தில் ஏறாது.

தேடலுக்கான 'இண்டெக்ஸிங்' பழைய டிஸ்கை நிறைய இழுக்கும். முழுதாக அணைக்க வேண்டாம். 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' தேடித் திறந்து, 'மாடிஃபை' உள்ளே நீங்கள் தேடவே தேடாத ஃபோல்டர்களின் டிக்கை எடுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்கை இழுப்பது 'சிஸ்மெயின்' என்று தெரிந்தால், 'சர்வீசஸ்' திறந்து அதை நிறுத்திச் சில நாள் பாருங்கள். அடிக்கடி திறக்கும் மென்பொருளை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைப்பது அதன் வேலை. நிறுத்திய பிறகு மென்பொருள்கள் திறக்கத் தாமதமானால் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். சில கணினிகளில் உதவும், சிலவற்றில் உதவாது, பொதுவிதி கிடையாது.

11. டிஸ்கைச் சோதிப்பது

'திஸ் பிசி' திறந்து சி டிரைவின் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டூல்ஸ்'. முதலில் 'செக்'. மின்சாரம் சட்டென்று போய்க் கணினி அணைந்தால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நின்று, டிஸ்கின் கணக்கு குழம்பும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு வந்த வாரங்களில், இப்படிக் குழம்பிய கணினிகள்தான் என் மேசையில் வரிசையாக நின்றன. மேசைக் கணினிக்கு ஒரு யுபிஎஸ் இருந்தால் இது வராது.

அதே இடத்தில் 'ஆப்டிமைஸ்' அழுத்துங்கள். 'மீடியா டைப்' என்ற வரிசையில் உங்களுடையது ஹார்ட் டிஸ்கா, எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) என்று தெரியும். ஹார்ட் டிஸ்க் என்றால் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும், இதைத்தான் டிஃபிராக் என்பார்கள். எஸ்எஸ்டி என்றால் வேறு விதமான சுத்தம் செய்யும். எஸ்எஸ்டியை வெளி மென்பொருள் கொண்டு டிஃபிராக் செய்யாதீர்கள். வேகம் கூடாது, வீண் எழுத்துதான் கூடும்.

டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்கை அழுத்தி 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' பாருங்கள். வேலை எதுவும் இல்லாமலே ஆயிரம் மில்லி செகண்டைத் தாண்டி நின்று, டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தமும் வந்தால், அந்த டிஸ்க் போகப் போகிறது. எல்லாச் சோதனையையும் நிறுத்திவிட்டு, அந்த நிமிடமே கோப்புகளைக் காப்பி எடுங்கள். இப்படிப்பட்ட டிஸ்கில் டிஃபிராக் ஓட்டினால் இருக்கிற உயிரும் போகும்.

12. தொடக்கூடாதவை

'வர்ச்சுவல் மெமரி'யை, அதாவது ஆறாவது படியில் சொன்ன, ராம் மாதிரிப் பயன்படும் டிஸ்க் பகுதியை, அணைக்காதீர்கள். விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற டிக் அப்படியே இருக்கட்டும். ராம் குறைவான கணினியில் அதை அணைத்தால் மென்பொருள்கள் பாதியில் மூடிக்கொள்ளும். விண்டோஸ் தன் செட்டிங்ஸையெல்லாம் எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள். பெயர் புரியாத சர்வீஸை நிறுத்தாதீர்கள்.

விண்டோஸ் அப்டேட்டை நிரந்தரமாக அணைப்பதை வேகத்துக்கான தந்திரமாகச் சொல்பவர்கள் உண்டு. பிறருடைய ஆதார் எண்ணும் வங்கி விவரமும் தட்டச்சு செய்யப்படும் கணினியில் அதைச் செய்வது பெரிய தவறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவே 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். என் அனுபவத்தில் 4 ஜிபியில் அது நிறுவப்படும், ஆனால் நடக்காது, தவழும்.

13. திரும்ப அளப்பதும், செட்டிங்ஸால் முடியாத இடமும்

எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு ஒரு நாள் விட்டுவிடுங்கள். அப்டேட், ஸ்கேன், இண்டெக்ஸ் எல்லாம் தன் வேலையை முடிக்கட்டும். மறுநாள் காலையில் முதல் படியில் எடுத்த அதே அளவை அதே முறையில் எடுங்கள்.

அக்கா கடையில் முதல் நாள் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, மறுநாள் நான்குக்குக் கீழே வந்தது. அதற்கு மேல் இறங்கவில்லை. டிஸ்கை இழுத்துக்கொண்டிருந்தவை நின்றுவிட்டன. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்கின் வேகமே அவ்வளவுதான். எந்தச் செட்டிங்ஸும் அதைத் தாண்டிக் கொண்டுபோகாது.

அங்கேதான் பணம் செலவழிக்க வேண்டும், அதுவும் சரியான இடத்தில். மூன்றாவது படியில் டிஸ்க் இடுக்காக இருந்தால் சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரியே செருகும் வகை) போடுங்கள். பழைய டிஸ்கை டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளலாம். மெமரி இடுக்காக இருந்தால் ராம். இரண்டும் என்றால், முதலில் எஸ்எஸ்டி. ராம் வாங்கும் முன் உங்கள் மதர்போர்டில் ஓடும் ராம் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். ராமின் வேகம் டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் இருக்கும். ஸ்லாட் கணக்கும் பெரும்பாலும் அங்கேயே தெரியும்.

அக்காவிடம் நோட்டுப் பக்கத்தைக் காட்டினேன். "அப்ப ராம் வேணாமா தம்பி?" என்று கேட்டார். "முதல்ல எஸ்எஸ்டிக்கா. போட்டு ஒரு மாசம் ஓட்டுங்க. அதுக்கப்புறமும் மெமரி எண்பத்தஞ்சைத் தாண்டுச்சுன்னா ராமுக்குப் போகலாம்" என்றேன். அடுத்த வாரமே எஸ்எஸ்டி போட்டுக்கொண்டார். ராம் இன்னும் அதே 4 ஜிபிதான்.